குழந்தையோடு பயணம்: கிளம்பும் முன்பே தொற்றிக்கொள்ளும் பதற்றத்தைக் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

கிளம்ப இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் தரையில் உட்கார்ந்து, ஏற்கெனவே மூன்று முறை திறந்து மூடிய பையை நான்காவது முறை திறக்கிறீர்கள். டயப்பர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, மாற்று உடை இருக்கிறது. ஆனாலும் எதையோ மறந்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மறந்தது ஒரு பொருளாக இருந்தால் இரண்டாவது முறை திறந்தபோதே அகப்பட்டிருக்கும். குழந்தையோடு பயணம் போவது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் எதை எடுத்து வைப்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ரயில், கார், விமானம் என்று போய்வந்ததில் எனக்குத் தட்டுப்பட்டது வேறு. குழந்தையால் நாம் பதறுவதைவிட, நம்மைப் பார்த்துக் குழந்தை பதறுவதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டி பெரியவர்களிடமிருந்து தொடங்குகிறது. பையின் முறை ஆறாவது படியில் வரும்.

படி 1: பயத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள்

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தாளை எடுத்து, மனதில் ஓடுவதையெல்லாம் எழுதுங்கள். "பயமா இருக்கு" என்று எழுதினால் போதாது. "விமானம் ஏறியதும் சின்னவன் அழ ஆரம்பித்து, இறங்கும்வரை நிறுத்தமாட்டான், எல்லோரும் எங்களையே பார்ப்பார்கள்" என்று முழுதாக எழுதுங்கள். "நடுராத்திரி ஜுரம் வரும், பக்கத்தில் டாக்டர் யாரென்றே தெரியாது." "கூட்டத்தில் கை நழுவித் தொலைந்துபோவாள்." எழுதக் கூச்சமாக இருக்கும் வாக்கியம்தான் பெரும்பாலும் உங்களைத் தூங்கவிடாத வாக்கியம். அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியும் என்றால் "மு". நடந்தால் சமாளிக்க முடியும் என்றால் "ந". நம் கையில் எதுவுமே இல்லை என்றால் "இ". விமானம் தாமதமாவது, மழை, பக்கத்து சீட்டுக்காரரின் சுபாவம் எல்லாம் "இ". என் தாளில் முதல் தடவை பாதிக்குமேல் "இ" தான் விழுந்தது. தலைக்குள் இருந்தபோது எல்லாமே என் பொறுப்பு மாதிரித் தெரிந்தது.

எழுதிய பிறகும் கவலை விடாமல் வந்தால் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை எட்டிப்பார்த்தால் "சாயங்காலம் ஆறு மணிக்கு வா" என்று தள்ளிப்போட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கவலையை நிறுத்து என்றால் மனசு கேட்காது. அப்புறம் பார்க்கலாம் என்றால் ஓரளவு கேட்கும். படுக்கையை மட்டும் கவலைப்படும் இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: "ந" போட்டவற்றுக்கு ஒரு வரிப் பதில்

"நடந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் ஆகாது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். "இப்படி ஆனால், இதைச் செய்வேன்" என்று சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப்போட்டு வைத்தால், அந்த நேரத்தில் யோசித்துத் தவிக்க வேண்டியிருக்காது. கை தானாக அந்த வேலையைத் தொடங்கிவிடும்.

என் தாளில் இருந்தவற்றில் சில:

அழுகை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால், தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய் நிற்பேன். விமானத்தில் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்தால் மடியிலேயே வைத்துக் காதருகே மெதுவாகப் பாடுவேன்.

இணைப்பு ரயிலோ விமானமோ தவறினால், முதலில் குழந்தைகளுக்குச் சாப்பிடக் கொடுப்பேன், அப்புறம்தான் கவுன்ட்டருக்குப் போவேன். பசித்த குழந்தையோடு வரிசையில் நிற்பது இரட்டைத் தண்டனை.

குழந்தை கண்ணில் படாவிட்டால், தயங்காமல் உரக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், சட்டை நிறத்தையும் கத்திச் சொல்வேன். அமைதியாகத் தேடுவதில்தான் நேரம் வீணாகிறது. சுற்றியிருப்பவர்களும் சேர்ந்து தேடட்டும்.

இந்தக் கடைசிப் பதிலோடு சேர்ந்து "மு" வேலைகளும் உண்டு. கிளம்பும் காலையில் குழந்தையைத் தலை முதல் கால்வரை ஒரு போட்டோ எடுங்கள். அன்று என்ன உடை என்பது பதற்றத்தில் மறந்துபோகும். உங்கள் போன் நம்பரைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். பேசத் தெரிந்த குழந்தைக்கு "அம்மா" என்பதோடு உங்கள் பேரையும் சொல்லிக்கொடுங்கள். கூட்டத்தில் "அம்மா" என்று கூப்பிட்டால் பத்து பேர் திரும்புவார்கள்.

படி 3: திட்டத்தில் கத்தரிக்கோல் போடுங்கள்

குழந்தை வருவதற்கு முன்பு ஒரு நாளில் மூன்று இடம் பார்த்திருப்பீர்கள். இப்போது ஒன்று போதும். இரண்டாவது இடம் பார்க்கக் கிடைத்தால் லாபம்.

எந்த நேரத்து டிக்கெட் என்பதில் மட்டும் மெனக்கெடுங்கள். விடிகாலை டிக்கெட் மலிவாக இருக்கலாம். மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையோடு அந்த நாள் முழுவதையும் ஓட்டப்போவது நீங்கள்தான். குழந்தை வழக்கமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பி, தூங்கும் நேரத்தில் வண்டியில் இருப்பதுபோல் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். நிறுத்தும்போது குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், கீழே விட்டு ஓடவிடுங்கள்.

வழக்கமான கணக்கோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஷூ மாட்டமாட்டேன் என்று ஒரு குழந்தை எவ்வளவு நேரம் பிடிவாதம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேரம் கையில் இருந்தால் அது குறும்பு. இல்லாவிட்டால் அதுவே வீட்டில் சண்டை.

படி 4: பொறுப்பைப் பிரிக்கும்போது நினைவையும் சேர்த்துப் பிரியுங்கள்

பல வீடுகளில் இரண்டு பேர் வேலை செய்வார்கள், ஒருவர் மட்டும் நினைவில் வைத்திருப்பார். "சொன்னா செய்றேனே" என்று மற்றவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் சொல்ல வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பதே ஒரு சுமை. இரவு நான்காவது முறை பையைத் திறப்பவர் யார் என்று பார்த்தால் புரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பயணத்துக்கு முன்னால் பெரிய வாக்குவாதம் நடந்து, இப்படி முடிந்தது: "டிக்கெட், அடையாள அட்டை, வண்டி, தங்குற இடம், இதெல்லாம் உங்க தலைவலி. மருந்து, சாப்பாடு, தூக்கம் என் தலைவலி. நான் டிக்கெட் பத்திக் கேட்கமாட்டேன், நீங்க மருந்து பத்திக் கேட்கக் கூடாது." அந்த "கேட்கமாட்டேன்" என்பதுதான் கஷ்டமான பகுதி. நான்கு தடவை நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

தனியாகக் குழந்தையைக் கூட்டிப்போகிறவர்கள், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பயண விவரத்தைக் கொடுத்துவிட்டு, எந்தெந்த நேரத்தில் போன் செய்வீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். வழியில் கிடைக்கும் உதவியையும் மறுக்காதீர்கள். தள்ளுவண்டியை மடக்கித் தரவா என்று யாராவது கேட்டால் "பரவாயில்லைங்க" என்ற சொல் வாயில் தயாராக இருக்கும். அதை விழுங்கிவிட்டு வண்டியைக் கொடுங்கள், குழந்தை மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

படி 5: குழந்தையிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது

மூன்று வயதுக் குழந்தைக்கு "அடுத்த மாசம்" என்பது பொருளில்லாத சொல். ஒரு மாதம் முன்பே சொன்னால் தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். இரண்டு மூன்று நாள் முன்பு போதும். ஐந்து வயதுக்கு மேல் என்றால் ஒரு வாரம் முன்பு சொல்லி, நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடிக்கவிடலாம்.

சொல்வதைவிட விளையாட்டாக நடத்திக் காட்டுவது நன்றாக மனதில் பதியும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பொம்மைக்கு டிக்கெட் கிழித்து, பெல்ட் மாட்டி, "இறங்கிட்டோம்" என்று கைதட்டி முடியுங்கள். இடையில் வரும் பிடிக்காத பகுதியையும் விடாதீர்கள். நாங்கள் விட்டோம். விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தைப் பற்றி மகளிடம் சொல்லத் தோன்றவில்லை. அவளுடைய கரடி பொம்மையைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். கறுப்பு ரப்பர் திரைக்குள் கரடி மறைந்ததும் அவள் முகம் கோணியது. "அம்மா, கரடிக்கு இருட்டுல பயமா இருக்குமா?" பின்னால் நீண்ட வரிசை. "இல்ல, அதுக்கு போட்டோ எடுக்கிறாங்க, அந்தப் பக்கம் போய்ப் பிடிச்சுக்கலாம்" என்றேன். கரடி வெளியே வந்ததும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விளையாட்டில் எல்லா பொம்மைகளும் கட்டிலுக்கு அடியில் புகுந்து "போட்டோ" எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகின்றன.

"பயப்படாதே", "அழக் கூடாது" போன்ற கட்டளைகளால் பலன் இல்லை. "காது கொஞ்சம் அடைக்கும், அப்போ தண்ணி குடிப்போம், திறந்துக்கும்" என்றால் நடக்கப்போவதும் தெரிகிறது, செய்ய வேண்டியதும் தெரிகிறது. வலிக்காது என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தடவை பிடிபட்டால் அந்தப் பயணம் முழுக்க நீங்கள் சொல்வது எடுபடாது.

படி 6: கைப்பை

பெரிய பெட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதில் விட்டுப்போனதைப் போகும் இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்த இடத்தில் கையெட்டும் பை ஒன்று இருக்கிறதே, அதுதான் முக்கியம். பயண நேரத்துக்கு வழக்கமாகத் தேவைப்படும் டயப்பரோடு இன்னும் ஒரு மடங்கு, துடைக்கும் ஈரத்தாள், குழந்தைக்கு இரண்டு மாற்று உடை, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், தண்ணீர், பழகிய தின்பண்டம், மருந்து, போர்த்திப் பழகிய துணி.

பெரியவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும். இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். மகனுக்கு மூன்று செட் உடை வைத்திருந்தேன். ரயில் கிளம்பிய இருபதாவது நிமிடம் அவன் என் தோளில் வாந்தி எடுத்தான்; அவன்மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. மீதி ஐந்து மணி நேரம் அந்தப் புளிச்ச வாடையோடு உட்கார்ந்திருந்தேன்.

விளையாட்டுப் பொருள்களை மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். தடித்த காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் பிரிப்பதிலேயே ஐந்து நிமிடம் ஓடும். மொபைலில் படம் காட்டலாமா என்றால், காட்டலாம். அது கடைசி ஆயுதமாக இருக்கட்டும், முதல் மணி நேரத்திலேயே எடுத்தால் அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது.

படி 7: உடம்பு பற்றிய பயங்கள்

இரவில் அதிகம் துரத்துவது இந்தப் பயங்கள்தான், இவற்றுக்குத்தான் தெளிவான பதில்களும் உண்டு.

வண்டி ஏறினால் வாந்தி. இரண்டு வயதுக்குள் இது அரிது. 2 முதல் 12 வயதுக்குள் அதிகம். வண்டி நகர்வதை உள்காது உணர்கிறது, ஆனால் கண் பார்ப்பது அசையாத புத்தகத்தையோ திரையையோ. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. அதனால் குனிந்து பார்க்கும் வேலை எதுவும் வேண்டாம். ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கவையுங்கள், காற்று வரட்டும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிரம்பவும் வேண்டாம். திடீரென்று பேச்சு நின்று, முகம் வெளுத்து, கொட்டாவி வந்தால் பையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

காது அடைப்பு. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. இறங்கும்போது அழுத்தம் கூடும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது என்பதால் சமன்படச் சிரமப்படும். விழுங்கினால் அந்தக் குழாய் திறக்கும். சக்கரம் தரையைத் தொடும் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். இறக்கம் ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும், அப்போதே தாய்ப்பால், பாட்டில், உறிஞ்சு குழல் ஏதாவது ஒன்றைக் கொடுக்க ஆரம்பியுங்கள். காதுத் தொற்றோ கடும் சளியோ இருந்தால் பயணத்துக்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தூங்கவைக்கும் மருந்து. யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு மூடி சிரப் கொடுத்தா போதும், இறங்கும்வரை தூங்கும்." வேண்டாம். ஒவ்வாமை மருந்துகளில் சில தூக்கம் தருவது உண்மைதான், சில குழந்தைகளுக்கு அவை நேர்மாறாக வேலை செய்து, ஓயாமல் துள்ளவைக்கும். அதைவிட முக்கியம், குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் புரோமெத்தசின் மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. மூச்சு அடங்கிப்போகும் ஆபத்துதான் காரணம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு. குழந்தையின் இப்போதைய எடையை ஒரு சீட்டில் எழுதி மருந்துப் பையில் போடுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, நடுராத்திரியில் யாருக்கும் எடை ஞாபகம் வராது. டாக்டரிடம் முன்பே கேட்டு, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குமேல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், குத்துமதிப்பான தண்ணீர் என்பது தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒரு டம்ளரை நீட்டாமல், ஓரிரு நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள்.

கார், விமான சீட். காரில் குழந்தை சீட் பின்னிருக்கையில்தான் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அது பின்னோக்கிய நிலையில், அந்த சீட்டின் எடை, உயர வரம்பு முடியும்வரை. விமானத்தில் இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனாலும் தனி சீட்டில், அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைப்பதே பாதுகாப்பு. நிறுத்திய காரில் தூங்கும் குழந்தையை இரண்டு நிமிடத்துக்குக்கூடத் தனியே விடாதீர்கள்.

படி 8: அழுகை வெடிக்கும்போது உங்கள் முகம்

1985இல் ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் கேம்போஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி போட்ட மேடையில் தவழவிட்டார்கள். நடுவில் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும். மறுகரையில் அம்மா. பள்ளத்தைப் பார்த்ததும் குழந்தை நின்று அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்துவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

விமானம் குலுங்கும்போது, ரயிலில் கூட்டம் நெருக்கும்போது, குழந்தை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். நடிக்கச் சொல்லவில்லை, நடிப்பு நெடுநேரம் தாங்காது. உடம்பை இறக்கிவிடுங்கள், முகம் பின்னால் வரும். தோளைத் தளர்த்துங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மட்டுப்படும். ஐந்தாறு முறை செய்துவிட்டுப் பிறகு குழந்தையிடம் பேசுங்கள், குரல் தானாகத் தணிந்திருக்கும்.

சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள்தான். அதில் சிலருக்கு எரிச்சல், பலருக்குத் தங்கள் குழந்தைகளின் ஞாபகம். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு முறை "கொஞ்சம் அசதி, தூங்கிடுவான்" என்று சொன்னால் போதும். எரிச்சல்காரருக்காகக் குழந்தையை அதட்டினால் அழுகை இரண்டு மடங்காகும். அதை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

படி 9: போய்ச் சேர்ந்த இடம், முதல் இரவு

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தடவை தவழ்ந்து பாருங்கள், நிஜமாகவே கைகால் ஊன்றி. நின்றால் தெரியாத திறந்த பிளக், தொங்கும் திரைக்கயிறு, இழுத்தால் விழும் கெட்டில் ஒயர், கட்டிலடியில் யாரோ விட்டுப்போன மாத்திரை எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும். பால்கனி இருந்தால் அங்குள்ள நாற்காலியை உள்ளே எடுத்துப் போடுங்கள்.

கைக்குழந்தையை எங்கே போனாலும் சமமான, கெட்டியான பரப்பில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை, மெத்தென்ற போர்வை பக்கத்தில் வேண்டாம்.

முதல் இரவு யாரும் சரியாகத் தூங்கமாட்டீர்கள். 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவர்களை வைத்துச் செய்த சோதனையில், புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகக் காவல் காப்பது தெரிந்தது. ஆகவே இரண்டாம் நாள் காலையில் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். நேர மண்டலம் மாறும் பயணமென்றால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று உடம்பு பழகும். இரண்டு மூன்று நாளில் திரும்புவதாக இருந்தால் வீட்டு நேரத்திலேயே தூங்கவிடுவது எளிது.

இவ்வளவுக்குப் பிறகும் பயணத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது, வாரக்கணக்கில் தூக்கம் போகிறது, கிளம்பும் நாளில் ரத்து செய்வதே வழக்கமாகிவிட்டது என்றால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் பாருங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

படி 10: திரும்பி வந்ததும் அந்தத் தாள்

துணி துவைத்து, பெட்டி பரணுக்குப் போவதற்குள் முதல் படியில் எழுதிய தாளைத் தேடி எடுங்கள். நடந்ததற்கு டிக் போடுங்கள், கொடுத்து வைத்திருந்த ஒரு வரிப் பதில் வேலை செய்ததா என்றும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு அதே தாள்தான் தொடக்கம்.

எங்கள் முதல் தாளில் பதினான்கு பயங்கள் இருந்தன. இரண்டுக்கு டிக் விழுந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றும் நடந்தது: ரயில் நகர ஆரம்பித்ததும் மகன் தன் வலது ஷூவைக் கழற்றி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, நாங்கள் பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டான். இப்போது பதினைந்தாவது வரியாக அது இருக்கிறது. பக்கத்தில் "மு" போட்டிருக்கிறேன்.